பேனாவைத் தூக்க வேண்டிய ஓடை

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வரைபட நிறுவனத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் எழுதியவை எல்லாம் வேறு யாரோ வைத்த பெயர்கள்தான்: ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், சாலை எண். சொந்தமாக ஒரு பத்தி எழுதியது கிடையாது. கண் சரியில்லாமல் வேலையை விட்ட பிறகு அந்தப் பெயர்களும் போயின.

ஆனாலும் இங்கே டெக்ஸாஸில், ரிச்சர்ட்சன் பக்கம் வரைபட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிலர், "ஆன்ட்டி, கம்ப்யூட்டர் இல்லாம எப்படி ஒரு முழு டிஸ்ட்ரிக்ட் மேப் போட்டீங்க? எழுதிக் குடுங்களேன்" என்று ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் கேட்கிறீர்கள். எப்படிப் போட்டோம் என்பது இன்று உங்களுக்கு உதவாது. அந்தப் பேனாக்கள் கூட இப்போது கிடைப்பதில்லை. அதனால் அதை விட்டுவிட்டு ஓர் ஓடையைப் பற்றி எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். என் கணவர் ஒரு தொலைபேசிக் கருவி நிறுவனத்தில் டெக்னீஷியன். எனக்கு எழுத்து அச்சுப் போல இருக்கும். அதை மட்டும் வைத்து ஒரு சிறிய வரைபட நிறுவனத்தில் எழுத்து எழுதவும் மை போடவும் சேர்ந்தேன். முதலாளி டெக்ஸாஸ்காரர், அதிகம் பேசாதவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, மாநிலம் முழுவதும் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு கிராமப்புறத் தொகுதியின் வரைபடமும், அந்தத் தொகுதி இதுவரை எப்படி வாக்களித்தது என்று காட்டும் வண்ணத் தாள்களும் போடும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது.

தொகுதி கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது. கிழக்கே பைன் காடு, சிவப்பு மண், மர ஆலைகள். நடுவில் எங்கள் ஊர்ப் பக்கம் போலவே பருத்தி விளையும் கரிசல். மேற்கே புல்லும் முள்வேலியும் மாடுகளும். கிழக்குக் கோடியில் இருப்பவர் மேற்குக் கோடியைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வாஷிங்டனுக்கு அனுப்பும் ஒரே ஒரு பிரதிநிதிதான்.

கட்சிகளுக்குச் சிவப்பு, நீலம் என்ற வழக்கம் அப்போது வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் மஞ்சள், பச்சை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தாள். பழைய தாள்கள் எல்லாம் ஒரே மஞ்சள். தாத்தா காலத்து உள்நாட்டுப் போரில் யார் பக்கம் நின்றார்களோ அந்தக் கட்சிக்கே பேரன்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சேர்ந்த காலத்தில்தான் ஜனாதிபதித் தேர்தல் தாளில் நெடுஞ்சாலை ஓரத்து ஊர்கள் பச்சையாக மாற ஆரம்பித்தன. அதே ஊர்களில் காவல் தலைவரான ஷெரிஃபுக்கு நடந்த தேர்தலின் தாளோ மஞ்சளாகவே இருந்தது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போனபோது பெட்ரோல் போடும் கடைக்காரம்மாவிடம் கேட்டதும் அவள் சிரித்தாள். அவள் பேசிய ஆங்கிலம் எங்கள் ஊர்த் தமிழில்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எங்க தாத்தா கல்லறையில தூங்கணும்ல? அவருக்காக ஷெரிஃபுக்கு பழைய கட்சிக்குப் போட்டுருவேன். ஜனாதிபதிக்குப் போடறது எனக்காக. தாத்தாட்ட சொல்லிராதீக."

வாக்குகளுக்குப் பின்னால் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே நில அளவைத் துறையில் இருந்தவர், கிறிஸ்தவர். தன் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் என்பதால் எழுதவில்லை. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் "நீர்" என்பார். அவருக்குப் பாதி நாள் கோபம்தான். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் கோபம் கூட இல்லை. நாங்கள் இருவரும் அப்போது குடியுரிமை வாங்கியிருக்கவில்லை. ஓட்டுப் போட உரிமையில்லாத இரண்டு பேர் ஒரு தொகுதியின் ஓட்டு முழுவதற்கும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அவர் பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதைப் பாரும். இந்த ஓடைக்கு அங்கால இருக்கிற துண்டு. பழைய தாள் எல்லாத்திலயும் வெள்ளையாக் கிடக்குது. ஏன்?"

"ஆள் இல்லையோ என்னமோ."

"ஆள் இல்லாமலே சேர்ச் இருக்கு, கல்லறை இருக்கு? ஆக்கள் இருந்தவை. ஓட்டுத்தான் இல்லை."

அது கறுப்பினக் குடும்பங்கள் சொந்த நிலம் வைத்திருந்த சிறு குடியிருப்பு. ஸ்வீட்கம் என்று பெயர். ஓட்டுப் போட வரி கட்ட வேண்டியிருந்த காலத்தில் அவர்கள் டவுனுக்குப் போனாலும் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சட்டம் மாறிய பிறகு அவர்களுடைய தேவாலயத்திலேயே ஒரு வாக்குச்சாவடி வந்தது. அதிலிருந்து எல்லாத் தாள்களிலும் அந்தத் துண்டுக்கு நிறம் இருந்தது, ஒரு தேர்தலைக்கூட விடாமல்.

இப்போது எங்கள் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய தொகுதி வரைபடத்தில் சாலைக்கு மை போடும்போது சின்ன ஓடைகள் குறுக்கிட்டால் பேனாவைத் தூக்க மாட்டோம். ஆறு என்றால் நிறுத்தி, பாலத்துக்கு உரிய குறியைப் போட்டுத் தொடர்வோம். ஓடைகளுக்கெல்லாம் அப்படிச் செய்தால் வேலை முடியாது, படமும் புள்ளி புள்ளியாகிவிடும். இதில் தவறு ஏதும் இல்லை. முழுத் தொகுதியையும் ஒரே தாளில் பார்ப்பவருக்குச் சின்ன ஓடை தேவையில்லை.

வம்பு, படத்தை வேறு காரியத்துக்கு எடுக்கும்போதுதான் வந்தது. தொகுதிக்குள் இருந்த ஒரு கவுண்டி, நம் ஊர்த் தாலுகா மாதிரி ஒரு பிரிவு, செலவைக் குறைக்கச் சில வாக்குச்சாவடிகளை மூடி டவுனில் இருப்பவற்றோடு சேர்க்க நினைத்தது. கவுண்டியை நடத்தும் ஆணையர்களின் கூட்டத்தில் மாட்ட அந்தக் கவுண்டியின் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி எங்களிடம் கேட்டார்கள். பெரிதாக்கினோம். அதில் ஸ்வீட்கம் தேவாலயத்திலிருந்து டவுன் சாவடிக்கு ஒரு சாலை கறுப்பாக, எங்கும் நிற்காமல், ஓடையைத் தாண்டிப் போனது. பார்த்தால் பக்கத்து வீடு மாதிரி இருந்தது.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். "இதில பாலம் இருக்கோ?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "அப்ப வாரும். போய்ப் பாப்பம்."

அவருடைய பழைய ஸ்டேஷன் வேகனில் போனோம். நெடுஞ்சாலை விட்டு, தார் விட்டு, மண் சாலையில் இறங்கி, கடைசியில் சாலை நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. பாலம் இல்லை. அடியில் கல் பரப்பியிருந்தது, முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். நாங்கள் நிற்கும்போதே எதிர்க்கரையிலிருந்து ஒரு பிக்கப் வண்டி இறங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்கள் பக்கம் ஏறி நின்றது. ஓட்டி வந்தவர் கறுப்பினத்தவர், என் வயதை விடக் கொஞ்சம் கூடுதல் இருக்கும். கையில் படத்தோடு நிற்கும் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ணெய்க் கம்பெனி ஆளுகளா?"

"இல்லை. மேப் போடறவங்க" என்றேன்.

"எண்ணெய் எடுக்க வாரவனும் மேப்பைத் தூக்கிட்டுத்தான் வாரான்" என்று சிரித்தார்.

அவர் பெயர் ஹாலிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தேர்தல் நாளில் தேவாலயச் சாவடியின் பொறுப்பு அவருடையது. விஷயத்தை அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தை வாங்கி வண்டியின் முன்பக்கம் விரித்தார்.

"இது இன்னிக்குச் சரி. இன்னிக்கு நான் இதுல வந்தேன், நீங்களே பாத்தீக. நவம்பர்ல வந்து பாருங்க. ரெண்டு நாள் மழை பெய்ஞ்சா இந்த இடத்துல என் பஸ் முங்கும். அப்ப டவுனுக்குப் போகணும்னா நெடுஞ்சாலையைச் சுத்தி, பக்கத்துக் கவுண்டிக்குள்ள போயித் திரும்பி வரணும். பாதி வீட்டுல கார் கிடையாது."

"ஒவ்வொரு நவம்பரும் மழை இருக்குமோ?" என்று அண்ணன் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது சார். எங்க ஆளுக மழைன்னும் பாக்க மாட்டாக, வெயில்னும் பாக்க மாட்டாக, வந்துருவாக. பெட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டா, அதுக்குப் பிறகு நாங்க ஓட்டுப் போடறமா இல்லையான்னு மழைகிட்டத்தான் கேக்கணும்."

திரும்பும் வழி நெடுக அண்ணன்தான் பேசிக்கொண்டே வந்தார். தன் நாட்டில் எங்கேயோ ஒரு குளத்துக்கு அந்தப் பக்கமாக இழுத்து, ஓர் ஊரிடமிருந்து குளத்தையே எடுத்துவிட்ட ஓர் எல்லைக் கோட்டைப் பற்றி. அந்தக் கோட்டை இழுத்த அறையில் தானும் இருந்ததைப் பற்றி. "அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை" என்றார்.

மறுநாள் காலை கூட்டம். நாங்கள் அன்று மாலை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது கவுண்டியிலிருந்து ஒருவர் படத்தை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், சுமுகமாகப் பேசினார். பாலம் இல்லை என்று அண்ணன் சொன்னதும், "தெரியுமே, தினமும் ஜனங்க தாண்டுறாகளே. ரோடு ரோடுதானே. அதுல என்ன மாத்தக் கிடக்கு?" என்றார். முதலாளி எங்கள் வழக்கத்தைச் சொன்னார்: சின்ன ஓடை, பேனா தூக்குவதில்லை, எல்லாக் கவுண்டிக்கும் அப்படித்தான். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்தவங்க. நேரம் இல்லை. ஒரு முடிவுக்கு வாங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார். அந்தக் கவுண்டியின் வேலை அந்த வருஷம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பிளேடை எடுத்தார். மை போட்ட பிளாஸ்டிக் தாளில் கோட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஓடையிலிருந்து தேவாலயம் வரை அந்தச் சாலையையே சுரண்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, என்ன செய்றீக?"

"ரோட்டே இல்லை எண்டு போடுறன். அப்ப எப்பிடிச் சேர்க்கிறாங்கள் எண்டு பாப்பம்."

"ரோடு இருக்குல்ல அண்ணே."

"நீர் ஆரின்ட பக்கம்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. எனக்கும் அந்தச் சாலையை அழித்துவிடத்தான் ஆசை. ஆனால் அந்த மனிதர் தண்ணீருக்குள் வண்டி ஓட்டி வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, நாளைக்கு அவுக ஒரு காரை அதுல ஓட்டி போட்டோ எடுத்துட்டு வந்தா? இந்த மேப்புல இல்லாத ரோட்டுல கார் போகுது பாருங்கன்னு காட்டுனா? அதுக்கப்புறம் மத்த எதை நாம சொன்னாலும் யார் நம்புவா? ஹாலிஸ் சொன்னதையும் சேத்துத்தான் பொய்ன்னுவாக."

"அப்ப அவங்கள் கேட்ட மாதிரியே விடச் சொல்லுறீரோ?"

"இல்லை. ஹாலிஸ் சொன்ன மாதிரி விடலாம்."

அவர் பிளேடைக் கீழே வைக்கவில்லை, சுரண்டவும் இல்லை. கவுண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது புரியாவிட்டாலும் எதைப் பற்றி என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"உம்மை எல்லாம் ஒரு அப்புக்காத்து ஒஃபிசில வச்சிருக்க வேணும்" என்று கடைசியில் முணுமுணுத்தார் அண்ணன்; அப்புக்காத்து என்றால் அவர்கள் ஊரில் வக்கீல். சுரண்டிய இடத்தைத் திரும்பக் கறுப்பாக்கினார். ஓடை வரும் இடத்தில் பேனாவைத் தூக்கினார். கரையில் நிறுத்தி, மறுகரையில் தொடங்கினார். இடையில் நான் எழுதினேன்: தண்ணீர் குறைந்திருக்கும்போது மட்டும் கடக்கலாம், பாலம் இல்லை. அடுத்து, சுற்றிப் போகும் சாலையைத் தனிக் கோடாகக் காட்டி அதன் தூரத்தை எழுதினோம். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எழுத்து எழுதியதில்லை.

கவுண்டிக்காரர் அதைப் படித்துவிட்டு, "இதை நாங்க கேக்கலியே" என்றார்.

முதலாளி காபியோடு வந்து படித்தார். "பொய் ஏதாவது இருக்கா?" என்று அவரிடம் கேட்டார். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். அவசரத்தில் நம் முன்னால் எப்போதும் இரண்டு வழிதான் இருப்பது போலத் தெரியும்: கேட்டவருக்கு வசதியானது ஒன்று, நம் மனசுக்கு வசதியானது ஒன்று. இரண்டாவதும் முதலாவதைப் போலவே படத்தைக் கெடுக்கும். நல்ல எண்ணத்தோடு கெடுக்கும் என்பதால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். என்ன இருக்கிறதோ அதை, எப்போது இருக்கிறதோ அந்த நிபந்தனையோடு போடுங்கள். அது யாரையும் திருப்திப்படுத்தாது. அண்ணன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கூட்டம் நீதிமன்றக் கட்டடத்தில் நடந்தது. படத்தை மாட்டிவிட்டு நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஹாலிஸும் தேவாலயத்து ஆட்கள் சிலரும் சுவரோரம் நின்றார்கள். ஓர் ஆணையர், மாட்டுப்பண்ணைக்காரர், கிட்டப் போய்ப் படித்துவிட்டு, "இந்த ஓடை ஒரு தரம் என் மாட்டு டிரெய்லரையே அடிச்சிட்டுப் போயிருக்கு" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் நம்பிக்கையோடு சிரித்தேன். ஹாலிஸ் முன்னால் வந்து எங்களிடம் சொன்னதையே சொன்னார். பிறகு வாக்கெடுப்பு. சாவடியை மூடுவது என்று முடிவாயிற்று. சிரித்த மாட்டுப்பண்ணைக்காரரும் மூடுவதற்கே கை தூக்கினார்.

வெளியே வந்ததும் ஹாலிஸ் முதலாளியிடம் படத்தின் ஒரு நகல் கேட்டார். முதலாளி அங்கேயே கொடுத்தார். வாக்குச்சாவடியை மாற்றுவதென்றால் அப்போது எங்கள் மாநிலம் வாஷிங்டனில் மத்திய அரசின் சம்மதம் பெற வேண்டும். அந்தப் பழைய வெள்ளைத் துண்டுகளால் வந்த சட்டம் அது. கவுண்டி தன் படத்தோடு விண்ணப்பித்தது. தேவாலயத்தார் ஆட்சேபத்தோடு ஹாலிஸிடம் இருந்த நகலை அனுப்பினார்கள். இரண்டும் ஒரே படம். பாலம் இல்லை என்பது இரண்டிலும் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அங்கே இருப்பவர்களுக்கு வாதாட என்ன இருக்கிறது? சம்மதம் கிடைக்கவில்லை. சாவடி தேவாலயத்திலேயே இருந்தது. கவுண்டி அதற்குப் பிறகு எங்களிடம் வேலை கொடுக்கவில்லை. முதலாளி அதற்காக எங்களைக் குறை சொன்னதில்லை.

நவம்பரில் தேர்தலுக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. தேர்தல் அன்று மத்தியானம் அண்ணன், "போய்ப் பாப்பமே?" என்றார். எனக்கும் அதே நினைப்புத்தான். போனோம். சாலை இறங்கும் இடம் தெரியவில்லை. செம்மண் தண்ணீர், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு, நாங்கள் அன்று நின்ற இடத்துக்கு மேலே ஏறி ஓடியது. வண்டியை நிறுத்திக் குடையோடு கரையில் நின்றோம். எதிரே மரங்களுக்கு நடுவில் தேவாலயத்தின் கூரை தெரிந்தது. அதன் முன்னால் சில பிக்கப்கள், மழைக்கோட்டில் சிலர், ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றும் இரண்டு பெண்கள். ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

யாரோ எங்களைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஹாலிஸ் வெளியே வந்து, தண்ணீர் விளிம்பு வரை இறங்கி நின்றார். வாயருகே கையைக் குவித்து ஏதோ கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு சொல் கூடக் கேட்கவில்லை. அண்ணன் பதிலுக்குத் தமிழில் ஏதோ கத்தினார். நான் கையை மட்டும் தூக்கினேன். ஹாலிஸும் கையைத் தூக்கிவிட்டு, வேலை இருந்ததால் திரும்ப உள்ளே போனார். அண்ணன் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் முடிவு வந்தது. ஸ்வீட்கம் மக்கள் பெரும்பாலும் வாக்களித்த வேட்பாளர் தொகுதி அளவில் தோற்றிருந்தார். ஆனாலும் அந்தத் தேர்தலின் தாளிலும் ஓடைக்கு அப்பால் இருந்த துண்டு வெள்ளையாக இல்லை. ஓடையில் தண்ணீர் வடியாததால் அன்று அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து ஓடவில்லை.